எலும்பிலுள்ள முப்புரி நூல்

(படப்பையில் கூடிய பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இக்கூட்டத்தைக் கூட்டிய இவ்வூர் வாலிபத் தோழர்கள், நாம் வழக்கம்போல் ஜாதியைப்பற்றியும் சடங்கைப்பற்றியும் பேசுவோம் என்று எதிர்பார்த்திருக்கக்கூடும். ஆனால் இன்றைய தினம் நாம் எலும்பைப்பற்றிப் பேசலாமென்று வந்திருக்கிறோம். எலும்பைப்பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் சிரிக்கலாம். எலும்பில்லாத மனிதன் ஒருவனும் இக்கூட்டத்தில் இல்லையாதலால், இது எல்லோருக்கும் சொந்தமான விஷயம் என்பதில் ஆட்சேபனை இருக்காதென்றே நினைக்கிறோம்.

இந்தப் படப்பை, வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டின்மேல் இருக்கிறது. ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களும், லாரிகளும், மோட்டார் சைக்கிள்களும் ஓயாமல் போய்க்கொண்டிருக்கிற ரோடு. கை முறிந்தவரையோ கால் முறிந்தவரையோ பார்க்காத குடும்பம் இங்கே அபூர்வம். வீட்டிலேயே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்ட பாட்டிமார்களும் உண்டு. இவையன்றி, தூக்கினால் முறிகிறது, திரும்பிப் படுத்தால் முறிகிறது என்று சொல்லும்படியான குழந்தைகளும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிறக்கின்றன.

இதற்கெல்லாம் காரணம் கேட்டால் நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? ரோட்டில் விழுந்தவனுக்கு அஷ்டமச் சனி. பாட்டிக்கு ஆயுள் கண்டம். குழந்தைக்குப் பூர்வஜென்ம பாவம். குழந்தையைப் பெற்றவள் பாடோ சொல்லவே வேண்டியதில்லை. அவள் கிரகணத்தில் வெளியே வந்தாள் என்பார்கள். பாம்பை அடித்தாள் என்பார்கள். அவள் கால் வைத்த நேரம் என்பார்கள். எலும்பு முறிந்தது குழந்தைக்கு, தண்டனையோ தாய்க்கு! ஆகவே எலும்பு என்பது என்ன, அது எதனால் உறுதியாக இருக்கிறது, எதனால் முறிகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுவது வெறும் படிப்பு விஷயமல்ல. அந்தத் தாயின் மானத்தைப் பற்றிய விஷயமாகும்.

எலும்பு எதனால் ஆனது?

எலும்பைக் கல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பாதி உண்மைதான். எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரமும் சேர்ந்த உப்பு. மீதியில் தண்ணீர் போக, இருப்பதில் மிகப் பெரும்பகுதி கொல்லாஜன் என்கிற நார். கல் மாத்திரம் இருந்தால் எலும்பு மண்சட்டி மாதிரி விழுந்தவுடன் உடையும். நார் மாத்திரம் இருந்தால் கயிறு மாதிரி வளையும். இரண்டும் சேர்ந்திருப்பதால்தான் நாம் நிற்கிறோம், நடக்கிறோம், மூட்டை சுமக்கிறோம்.

நாம் சொல்லுகிறோம் என்பதற்காக இதை நம்பவேண்டியதில்லை. நாளைக்கே வீட்டில் பரீட்சை செய்து பாருங்கள். கோழிக்கால் எலும்பு ஒன்றைச் சுத்தம் செய்து, கடையில் விற்கிற காடியில் சில நாள் ஊறப்போட்டு, இடையில் ஒருமுறை காடியை மாற்றுங்கள். சுண்ணாம்பு கரைந்துபோய், எலும்பு ரப்பர் மாதிரி வளையும். அப்போது கையில் இருப்பது கொல்லாஜன். இன்னொரு எலும்பை நெருப்பில் நன்றாக எரித்துப் பாருங்கள். உருவம் அப்படியே இருக்கும். ஆனால் விரலால் நசுக்கினால் பொடியாகும். அங்கே நார் எரிந்துபோய்விட்டது, கல் மாத்திரம் நிற்கிறது. சுடுகாட்டில் மறுநாள் எலும்பு பொறுக்கப் போகிறவர்கள், அது தொட்டவுடன் நொறுங்குவதைப் பார்த்திருப்பார்கள். அதற்கு ஆத்மா போய்விட்டது காரணமல்ல, கொல்லாஜன் எரிந்துவிட்டதுதான் காரணம்.

இந்தக் கொல்லாஜன் எலும்பில் மாத்திரமா இருக்கிறது? தோலிலும் அதுதான், தசையை எலும்போடு கட்டுகிற நாணிலும் அதுதான். மாட்டுத்தோலைப் பதனிட்டுச் செருப்பாக்கினால், அந்தச் செருப்பும் பெரும்பாலும் கொல்லாஜன்தான். தச்சுவேலை செய்கிற தோழர்கள் முன்காலத்தில் தோலையும் எலும்பையும் காய்ச்சி வச்சிரம் எடுத்து மரத்தை ஒட்டினார்களே, அதுவும் இதிலிருந்து வந்ததே. கொல்லாஜன் என்ற பெயரே, பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

நம் நாட்டில் தோலைத் தொட்டுப் பிழைக்கிறவனை ஊருக்கு வெளியே வைத்தார்கள். அவன் தொட்டால் தீட்டு என்றார்கள். ஆனால் அவன் தொட்ட பொருள் எதுவோ, அதே பொருள்தான், தீட்டு என்று சொன்னவனுடைய தோலிலும் எலும்பிலும் இருந்துகொண்டு அவனை நிமிர்ந்து உட்காரவைத்தது. கொல்லாஜன் தீட்டென்றால் அவன் தன்னையே தொடக்கூடாதல்லவா?

சென்னையில் கண்ட முப்புரி

நிற்க, இந்த நார் எப்படி அமைந்திருக்கிறது என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன இடம் சீமையல்ல. இங்கிருந்து தாம்பரம் போய் ரயில் ஏறினால் கிண்டியில் இறங்கலாமே, அந்தச் சென்னைப் பட்டணந்தான் என்பதை நம்மவர்களில் பலர் அறியமாட்டார்கள்.

ஏ. லட்சுமணசாமி முதலியார் அவர்கள் சென்னை சர்வகலாசாலைக்குத் துணைவேந்தராயிருந்த காலத்தில், 1952இல், பௌதிகத் துறைக்குத் தலைவராக வந்து சேர்ந்தவர் ஜி.என். ராமச்சந்திரன். 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர்; பெங்களூரில் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி கற்றவர். சென்னைக்கு வந்த பெர்னல் என்ற ஆங்கில விஞ்ஞானி, கொல்லாஜனுடைய அமைப்பைப்பற்றி அதுவரை சொல்லப்பட்ட எதுவும் திருப்தியாயில்லை என்று எடுத்துக்காட்ட, ராமச்சந்திரன் அதைத் தம் வேலையாக எடுத்துக்கொண்டார். 1948இல் ஏற்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் அடையாற்றில், பக்கத்திலேயே இருந்தது. கங்காரு என்ற ஆஸ்திரேலிய மிருகத்தின் வால் நாணில் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, அது சிதறி விழுகிற புள்ளிகளைக்கொண்டு கணக்குப் போட்டார்கள். கோபிநாத் கர்த்தா என்பவரும் அவரும் சேர்ந்து 1954இல் "நேச்சர்" என்ற இங்கிலாந்துப் பத்திரிகையில் விடையை வெளியிட்டார்கள். கொல்லாஜன் மூன்று புரிகளால் ஆனது என்பதே அந்த விடை. மறு ஆண்டிலேயே, அம்மூன்று புரிகளும் கயிறு மாதிரி ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று தாங்களே அதைத் திருத்தியும் வெளியிட்டார்கள்.

அதே 1955இல் இங்கிலாந்தில் ரிச், கிரிக் என்ற இருவர், புரிகளுக்கிடையே இவர்கள் சொன்ன அளவு பிணைப்புகள் இருக்கமுடியாது என்று மறுத்தார்கள். வாதம் வெகுகாலம் நடந்தது. 1994இல் அமெரிக்காவில், இதே அமைப்புள்ள ஒரு சிறு பொருளைப் படிகமாக்கிப் பார்த்தபோது, பிணைப்பு விஷயத்தில் மறுத்தவர்கள் சொன்னது சரியென்று தெரிந்தது. முப்புரி என்ற முடிவு மாத்திரம் அசையாமல் நின்றது. இதனால் யாரும் யாரையும் நாஸ்திகன் என்று சபிக்கவில்லை. ராமச்சந்திரனுடைய பெருமைக்கும் குறைவில்லை. நமது வேத புராணங்களில் ஒரு வரியையாவது இப்படி ஒருவர் சோதித்து, இது சரி, இது தப்பு என்று பிரித்துவிட்டு உயிரோடு மரியாதையாக வீடு போய்ச் சேர்ந்ததுண்டா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் நாட்டில் முப்புரி நூல் என்று ஒன்று உண்டு. அதைத் தோளில் மாட்டிக்கொண்டதால் தாங்கள் உயர்ந்த பிறவியென்றும், அதைப் போட மற்றவர்களுக்கு யோக்கியதை இல்லையென்றும் ஒரு கூட்டம் சொல்லிவந்திருக்கிறது. இயற்கையோ அந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. தாயின் வயிற்றிலேயே, எந்த மந்திரமும் தட்சணையும் இல்லாமல், எல்லோருடைய எலும்பிலும் கோடானுகோடி முப்புரி நூல்களைப் பூட்டி அனுப்பிவிடுகிறது. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு; சேரிக்கும் உண்டு, அக்கிரகாரத்துக்கும் உண்டு. மாட்டுக்கும் கோழிக்கும் மீனுக்குங்கூட உண்டு. இதில் யார் யாரைவிட உயர்ந்தவர் என்பதைத் தோழர்களே யோசித்துப் பாருங்கள்.

வெளிச்சத்தைக்கொண்டு பார்ப்பது

சரி, இந்த நார் எலும்புக்குள் எப்படிப் படுத்திருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? ஒரு முப்புரியின் நீளம் சுமார் 300 நானோமீட்டர், கனம் சுமார் ஒன்றரை நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் வருகிற ஒரு பங்குதான் நானோமீட்டர். நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தின் அலையே 400 முதல் 700 நானோமீட்டர் வரை நீளமுள்ளது. ஆதலால் சாதாரணப் பூதக்கண்ணாடியில் ஒற்றை முப்புரியைப் பார்க்கவே முடியாது.

ஆனால் பார்க்க வேறு வழியுண்டு. மலைமேல் நின்று கீழே வயலைப் பார்க்கிறவனுக்கு ஒற்றை நாற்று தெரியாது. ஆனால் நடவு வரிசை கிழக்கு மேற்காகப் போகிறதா, தெற்கு வடக்காகப் போகிறதா, அல்லது தாறுமாறாக இறைந்து கிடக்கிறதா என்பது நன்றாய்த் தெரியும். அதுபோலவே எலும்பிலும் ஒற்றை நாரைப் பார்க்காமல், நார்கள் கூட்டமாக எந்தத் திக்கில் போகின்றன என்பதை வெளிச்சத்தைக்கொண்டு பார்க்கிறார்கள். இதற்கு மூன்று வழிகளைச் சொல்லுகிறோம்.

முதல் வழி மிகப் பழையது. வெளிச்சத்தின் அலை எல்லாப் பக்கமும் ஆடிக்கொண்டு வருவது. அதை ஒருவிதக் கண்ணாடி வழியாக விட்டால், ஒரே திசையில் ஆடுகிற அலை மாத்திரம் வெளியே வரும். அக்கண்ணாடி ஒன்றின் மேல் இன்னொன்றைக் குறுக்காக வைத்தால், முதலாவது விட்டதை இரண்டாவது தடுத்துவிடும், ஒரே இருட்டாகிவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே, மெல்லியதாகத் தேய்த்த எலும்புத் துண்டு ஒன்றை வையுங்கள். இருட்டில் எலும்பு ஒளிவிடும்! ஏனென்றால், நாரின் நீளவாக்கில் ஆடுகிற அலையும் குறுக்குவாக்கில் ஆடுகிற அலையும் ஒரே வேகத்தில் போவதில்லை. ஆகவே அலை ஆடுகிற விதம் மாறி, இரண்டாவது கண்ணாடியைத் தாண்டி வருகிறது. எலும்பைத் திருப்பத் திருப்ப, நார் போகிற திக்குக்குத் தக்கபடி வெளிச்சமும் இருட்டும் மாறும். இம்முறையை ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டிலேயே எலும்புக்கு உபயோகித்தார்கள். பிறகு 1979இல் பிரேசில் நாட்டில் ஜுன்குவேரா முதலியோர், ஒரு சிவப்புச் சாயத்தைத் தோய்த்தால் கொல்லாஜன் இன்னும் தெளிவாகத் தெரியுமென்று காட்டினார்கள்.

இரண்டாவது வழி லேசர் வந்தபின் ஏற்பட்டது. லேசர் 1960இல் வந்தது. மறு வருஷமே அமெரிக்காவில், ஸ்படிகக் கல் ஒன்றில் லேசரைப் பாய்ச்சினால், போன வெளிச்சத்தின் அலையில் சரிபாதி நீளமுள்ள புது வெளிச்சம் கொஞ்சம் வருவதைக் கண்டார்கள். 1971இல் கொல்லாஜனுக்கும் இக்குணம் உண்டென்று தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத 800 நானோமீட்டர் அலை உள்ளே போனால், 400 நானோமீட்டர் அளவுள்ள ஊதா வெளிச்சம் வெளியே வரும். இரண்டு காசு கொடுத்து ஒரு இரண்டுகாசு நாணயம் வாங்குவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாப் பொருளும் இப்படிச் செய்யாது. ஒழுங்காக, ஒரு முகமாக அடுக்கியிருக்கிற பொருள்தான் செய்யும். எலும்பிலுள்ள சுண்ணாம்பு உப்பு செய்யாது, கொல்லாஜன் செய்யும். ஆதலால் சாயமே தோய்க்காமல், கொல்லாஜன் மாத்திரம் தானே விளக்கேற்றிக்கொண்டு நிற்பதுபோல் படம் கிடைக்கிறது. நார் ஒழுங்காயிருந்தால் வெளிச்சம் பலமாயிருக்கும், கலைந்திருந்தால் மங்கிப்போகும்.

மூன்றாவது வழி நம் நாட்டில் பிறந்தது. திருச்சியில் பிறந்து, சென்னை பிரசிடென்சி காலேஜில் படித்த சி.வி. ராமன், 1928இல் கல்கத்தாவில் ஒரு உண்மையைக் கண்டார். ஒரு பொருளின்மேல் பட்டுச் சிதறுகிற வெளிச்சத்தில் மிகச்சிறு பகுதி தன் நிறத்தை மாற்றிக்கொள்ளுகிறது. அம்மாற்றம் அப்பொருள் இன்னதென்று காட்டிக்கொடுக்கிறது. இதற்காக 1930இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. இம்முறையால் எலும்பைச் சோதித்தால், ஒரே இடத்தில் கல் எவ்வளவு, நார் எவ்வளவு, நாரின் தன்மை எப்படி என்பதெல்லாம் தெரிகிறது. குரு கண்ட வெளிச்சமும், சிஷ்யர் கண்ட முப்புரியும் இன்று ஒரே எலும்புத் துண்டில் வந்து சந்திக்கின்றன.

பார்த்ததில் தெரிந்தது என்ன?

எலும்பு அடுக்கடுக்காக இருக்கிறது. ஒரு அடுக்கில் நார் ஒரு திக்கில் போனால் அடுத்த அடுக்கில் வேறு திக்கில் போகிறது. பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிச் செய்கிற பிளைவுட் எப்படிச் சீக்கிரம் பிளக்காதோ, அப்படியே எலும்பும் பிளக்காமலிருக்கிறது. குதிரையின் முன்னங்கால் எலும்பைச் சோதித்ததில், இழுபடுகிற பக்கத்தில் நார்கள் பெரும்பாலும் நீளவாக்கிலும், அமுங்குகிற பக்கத்தில் பெரும்பாலும் குறுக்குவாக்கிலும் இருக்கக் கண்டார்கள். எந்த வேலைக்கு எந்த அமைப்போ, அந்த அமைப்பு அங்கே இருக்கிறது.

முறிந்த எலும்பு கூடும்போது உடம்பு முதலில் அவசரத்துக்கு நார்களைத் தாறுமாறாகப் போட்டு இடத்தை நிரப்புகிறது. பிறகு மாதக்கணக்காக அதைக் கரைத்து, வரிசையாக அடுக்கிய நல்ல எலும்பாகக் கட்டுகிறது. வலி நின்றுவிட்டது, சாமிக்கு வேண்டிக்கொண்டோம், இனிப் பயமில்லை என்று கட்டைப் பிரித்துவிட்டு மூட்டை தூக்குகிறவன் மறுபடி ஏன் முறித்துக்கொள்ளுகிறான் என்பது இதனால் விளங்கும். வைத்தியர் சொன்ன நாள் வரை பொறுத்திருப்பதுதான் அதற்கு வேண்டிய பரிகாரம்.

அடுத்தபடியாகச் சர்க்கரை வியாதி. எலும்பிலுள்ள கல்லின் அளவைப் பார்க்கிற பரீட்சை ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. அதில் அளவு சரியாக இருந்துங்கூடச் சர்க்கரை வியாதிக்காரர் பலருக்கு எலும்பு எளிதில் முறிகிறது. காரணம், ரத்தத்தில் மிகுந்த சர்க்கரை கொல்லாஜன் நார்களில் ஒட்டி, அவற்றை வேண்டாதபடி ஒன்றோடொன்று பிணைத்து விறைக்க வைப்பதும் ஒன்று என்று கண்டிருக்கிறார்கள். நல்ல கயிறு வெயிலில் காய்ந்து மொடமொடத்துப் போவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே சர்க்கரையை அடக்கி வைப்பது கண்ணுக்கும் காலுக்கும் மாத்திரமல்ல, எலும்புக்கும் அவசியம்.

தலையெழுத்தா, வேறு எழுத்தா?

இனி அந்தக் குழந்தையின் விஷயத்துக்கு வருவோம். முப்புரியில் ஒவ்வொரு புரியும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மணிகள் கோத்த மாலை போன்றது. அதில் ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசின் என்கிற, எல்லாவற்றிலும் மிகச்சிறிய மணி. ஏன் அப்படி? மூன்று புரியும் நெருங்கி முறுக்கிக்கொள்ளுகிற நடுவிடத்தில், அதைவிடப் பெரிய மணிக்கு இடமில்லை. ராமச்சந்திரன் முதலியோர் கண்ட அமைப்பு இதை ஸ்பஷ்டமாய் விளக்குகிறது. ஆயிரம் மணிகளில் ஒரே ஒரு கிளைசின் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பெரிய மணி வந்து உட்கார்ந்துவிட்டால் போதும், அந்த இடத்தில் முறுக்கு சரியாக விழாது. கயிறு கெட்டால் எலும்பு கெட்டது. குழந்தை திரும்பிப் படுத்தால் முறிகிறது.

சுமார் 15,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒரு குழந்தை இப்படிப் பிறப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இது எல்லாத் தேசத்திலும் உண்டு, எல்லா மதத்திலும் உண்டு. ராகுகாலம் பார்க்காத நாட்டிலும் உண்டு, கிரகணத்தை வீதியில் நின்று வேடிக்கை பார்க்கிற நாட்டிலும் உண்டு. இக்குழந்தைகள் சிலருக்குக் கண்ணின் வெள்ளைப் பகுதி நீலம் பாய்ந்திருக்கும். அதுவும் கொல்லாஜன் குறைவினாலேயே. இவர்களின் எலும்பை முன்சொன்ன வெளிச்சத்தில் பார்த்தால், வரிசையாக இருக்கவேண்டிய நார் கலைந்து கிடப்பது தெரிகிறது.

பிரமன் தலையில் எழுதினான் என்றார்கள். தலையோட்டை எத்தனையோ தேசத்து வைத்தியர்கள் அறுத்துப் பார்த்துவிட்டார்கள். அதில் எழுத்து இல்லை. எழுத்து இருப்பது உயிரணுவில். அதில் ஒரு எழுத்து பிசகியதால்தான் இந்த வியாதி வருகிறது. அந்தப் பிசகு பல குழந்தைகளுக்குத் தாய் தகப்பன் இருவரும் பூரண சுகமாயிருந்தும் புதிதாக நேர்ந்துவிடுகிறது. வேறு சிலருக்கு, இவ்வியாதியுள்ள தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வருகிறது. இன்னும் சில அபூர்வ வகைகளில், இரு பக்கத்திலும் வெளியில் தெரியாமல் மறைந்திருந்து, இரண்டும் சேரும்போது வெளிவருகிறது. இது அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற சமூகங்களில் அதிகமாக நேரக்கூடும். சொந்தம் விட்டுப்போகக்கூடாது, சொத்து வெளியே போகக்கூடாது என்று பெண்ணின் சம்மதங்கூடக் கேளாமல் முடிச்சுப் போடுகிறவர்கள் இதையும் கவனிக்கவேண்டும். எப்படியிருந்தாலும், தாய் ஒருத்தி செய்த குற்றம் என்று சொல்லுவதற்கு இதில் இடமேயில்லை.

மயிலாப்பூரிலே குடத்திலிருந்த எலும்பைப் பாட்டுப் பாடியே பெண்ணாக்கினார்கள் என்று புராணம் சொல்லுகிறது. அது நடந்ததாக நம்புகிறவர்களை நாம் கேட்பது ஒன்றுதான். அந்தப் பாட்டு இன்றும் இருக்கிறதே. முறிந்த ஒரு குழந்தையின் எலும்பையாவது அதைப் பாடிச் சேர்த்ததுண்டா? ஆனால் எலும்புக்குள் உலோகக் கம்பி செருகி நிமிர்த்துகிற முறையை 1959இல் இரண்டு அமெரிக்க வைத்தியர்கள் விவரமாக வெளியிட்டார்கள். பிஸ்பாஸ்போனேட் என்ற மருந்தைக் கொடுத்தால் எலும்பு கரைவது குறைந்து கெட்டிப்படுகிறது என்று 1998இல் கனடாவில் கிளோரியூ முதலியோர் குழந்தைகளுக்குக் கொடுத்துக் காட்டினார்கள். இவை வியாதியின் வேரை அகற்றுவதில்லை. பிசகிய எழுத்து பிசகியபடியே இருக்கிறது. இருந்தாலும் கஷ்டம் குறைகிறது. படுத்தே கிடக்கவேண்டிய பிள்ளைகள் சிலர் எழுந்து நடக்கிறார்கள், பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆகவே அடிக்கடி எலும்பு முறிகிற குழந்தையைக் கண்டால், மந்திரிக்கிறவனிடமும் தாயத்துக் கட்டுகிறவனிடமும் காட்டிக் காலத்தை வீணாக்காமல், செங்கற்பட்டு அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

விஞ்ஞானத்தின் பேராலும் ஏமாறாதீர்கள்

இன்னொரு எச்சரிக்கையும் செய்யவேண்டும். கொல்லாஜன் என்று பெயர் போட்டு டப்பாக்களில் பொடி விற்கிறார்கள். ஆட்டுக்கால் சூப் குடித்தால் முறிந்த எலும்பு நேரே ஒட்டிக்கொள்ளும் என்று நம் வீடுகளிலேயே சொல்லுகிறார்கள். சூப் நல்ல ஆகாரந்தான், குடிக்கவேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் வயிற்றுக்குள் போன கொல்லாஜன் சிறு துணுக்குகளாக உடைந்துதான் ரத்தத்தில் சேருகிறதேயொழிய, முப்புரியாகவே போய் முழங்காலில் உட்கார்ந்துகொள்ளாது. உடம்பு தன் கொல்லாஜனைத் தானே செய்துகொள்ளவேண்டும். அதற்குப் பருப்பு, முட்டை, மீன், இறைச்சி போன்ற ஆகாரமும், நெல்லிக்காய், கொய்யாப்பழம் முதலியவற்றிலுள்ள சி வைட்டமினும் வேண்டும். அந்த வைட்டமின் இல்லாவிட்டால் முப்புரி உறுதியாக நிற்காது. முன்காலத்துக் கப்பல்காரர்கள் ஈறு அழுகி, ஆறிய புண் மறுபடி திறந்து செத்தது இதனாலேயே. ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் 1747இல் நோயாளி மாலுமிகள் 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, வெவ்வேறு பொருள் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே சீக்கிரம் தேறினார்கள்.

அதேபோல, நாம் சொன்ன லேசர் படங்களெல்லாம் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடத்து வேலையாகவே இருக்கின்றன. வெளிச்சம் உடம்புக்குள் ஆழமாகப் போகாது. எலும்பை மெல்லிய துண்டாக எடுத்துத்தான் நன்றாகப் பார்க்கமுடியும். ஆகையால் நாளைக்கு யாராவது கடை வைத்து, லேசர் காட்டி உங்கள் கொல்லாஜனை அளக்கிறேன் என்று பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். பூசாரியிடம் கேட்கிற கேள்வியை, வெள்ளைச் சட்டை போட்டவனிடமும் கேட்கவேண்டும். என்ன ஆதாரம்? யார் சோதித்தார்கள்? எத்தனை பேருக்குக் குணமாயிற்று? எத்தனை பேருக்கு ஆகவில்லை? இக்கேள்விகளுக்குக் கோபப்படாமல் பதில் சொல்லுகிறவனை நம்பலாம்.

கடைசியாக ஒன்று. இவ்வாராய்ச்சிகளெல்லாம் ஆகாயத்தில் நடப்பதில்லை. மனித எலும்பைப்பற்றித் தெரியவேண்டுமானால் மனித எலும்பு வேண்டும். அதை யாராவது கொடுத்தால்தான் உண்டு. நாம் இறந்தபின் கொள்ளி வைப்பதும், எலும்பு பொறுக்குவதும், அதை ஆற்றில் கரைப்பதுமாக எவ்வளவு செலவு செய்கிறோம்! அதனால் செத்தவனுக்கும் பிரயோஜனமில்லை, இருப்பவனுக்கும் பிரயோஜனமில்லை. அவ்வுடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தால், படிக்கிற பிள்ளைகள் கற்றுக்கொள்ளுவார்கள். மேற்கு வங்காளத்தில் முதல் மந்திரியாயிருந்த ஜோதி பாசு 2010இல் இறந்தபோது அவர் உடம்பை அவருடைய விருப்பப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார்கள். சொர்க்கத்துக்குப் போவதற்கு எலும்பு வேண்டுமென்று எந்தச் சாஸ்திரக்காரனும் சொல்லக் காணோம். ஆஸ்பத்திரிக்கோ அது வேண்டியிருக்கிறது. இஷ்டமுள்ளவர்கள் குடும்பத்தாரிடம் உயிரோடிருக்கும்போதே சொல்லி எழுதிவைத்துவிடுங்கள். பிறகு சொல்ல வாயிருக்காது.

தோழர்களே! நாம் சொன்னவற்றில் சந்தேகமுள்ளவர்கள் எழுந்து கேட்கலாம். கேட்க வெட்கப்படுகிறவர்கள் வீட்டுக்குப் போய்க் கோழி எலும்பைக் காடியில் போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவாருங்கள். உங்கள் தெருவில் எலும்பு முறிகிற குழந்தையைப் பெற்ற தாய் யாராவது இருந்தால், இன்றிரவே போய், அம்மா, இது உன் பாவமல்ல என்று சொல்லுங்கள். இக்கூட்டத்தால் அவ்வளவு காரியம் நடந்தாலும் நாம் இவ்வளவு தூரம் வந்துபோனதற்குப் பலன் கிடைத்ததாகக் கருதுவோம்.